கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்பிஏ-வில் தேறுவாரா? உடல்திறனை எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியத் தொடர் தொடங்கியதும் ஒரு விவாதமும் சேர்ந்தே தொடங்கும். இந்தப் பையன் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் நிற்பானா, மாட்டானா? ஜூன் மாத டிராஃப்ட் (என்பிஏ அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முடியும்வரை அது ஓயாது. அந்த விவாதத்தில் அதிகம் அடிபடுவது உடல்திறன். ஒரு டங்க் (எம்பிப் பந்தைக் கூடைக்குள் கையாலேயே திணிப்பது) வீடியோவை வைத்தே ஆளை முடிவுசெய்துவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

கல்லூரியில் ஆடுகிற ஒருவருக்கு என்பிஏ வாய்ப்பு உண்மையில் எவ்வளவு?

மிகக் குறைவு. முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. அணிக்கு 13 பேர் என்று வைத்தாலே 4,500 பேரைத் தாண்டும். டிராஃப்ட் இரண்டு சுற்று, மொத்தம் 60 இடம்தான். அதிலும் ஒரு பங்கை ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். என்பிஏ-வின் 30 அணிகளில் அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள், அதோடு 3 டூ-வே ஒப்பந்தங்கள் (துணை லீகிலும் என்பிஏ-விலும் மாறி மாறி ஆடுபவர்களுக்கானவை). அந்த இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் அவர்களில் ஒருவரை வெளியேற்றித்தான் உள்ளே வர முடியும்.

ஒரு வீரரைப் பற்றிப் பேசும்போது, "நல்ல ஆட்டக்காரரா?" என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. "எந்த வேலைக்கு இவரை எடுப்பார்கள், அந்த வேலையை இப்போது செய்கிறவரைவிட இவர் எதில் மேல்?" என்றும் கேட்க வேண்டும்.

கம்பைனில் என்னென்ன அளக்கிறார்கள்?

டிராஃப்டுக்கு முன்பு, மே மாதம், சிகாகோவில் என்பிஏ டிராஃப்ட் கம்பைன் என்ற சோதனை முகாம் நடக்கும். காலணி இல்லாமல் உயரம், எடை, கைகளை விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை எவ்வளவு, நின்றபடி கையைத் தூக்கினால் எவ்வளவு எட்டுகிறது, விரல்கள் உட்பட விரித்த கையின் நீள அகலம் எல்லாம் எடுப்பார்கள். அப்புறம் நின்ற இடத்திலிருந்து ஒரு குதி, ஓடிவந்து ஒரு குதி, முக்கால் மைதான ஓட்டம், கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்தைச் சுற்றிப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகர்கிற சோதனை, ஷட்டில் ஓட்டம். மருத்துவப் பரிசோதனையும் அணிகளுடன் நேர்காணலும் உண்டு.

இந்த எண்களில் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. கை எட்டும் உயரமும் கை விரிப்பும் வாழ்நாள் முழுக்க மாறாதவை, பயிற்சியால் வருபவை அல்ல. குதிப்பு எண்ணும் ஓட்ட நேரமும் அப்படி இல்லை. சோதனைக்கென்றே சில வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஆகவே முதல் வகையை நான் நம்புவேன். இரண்டாம் வகை ஆட்டத்தில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும், அவ்வளவுதான்.

அதிக உயரம் எம்பிக் குதிப்பவர் நிச்சயம் ஜெயிப்பார் அல்லவா?

இல்லை. 2021 கம்பைனில் டென்னஸீ கல்லூரியின் கியான் ஜான்சன் 48 அங்குலம் குதித்தார். கம்பைன் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அதற்கு முன்பிருந்த 45.5 அங்குலச் சாதனை 2001-இலிருந்து இருபது ஆண்டுகள் நின்றது. இவ்வளவுக்கும் ஜான்சன் டிராஃப்டில் 21-ஆவது இடத்தில்தான் எடுக்கப்பட்டார். அதன்பின் அணி மாறி அணி மாறி ஆடினார். அந்தக் குதிப்பு அவருக்கு ஒரு நிரந்தர இடத்தை வாங்கித் தரவில்லை. தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு வீசும் அவருடைய த்ரீ பாயிண்ட் வீச்சும் பந்தைக் கையாளுகிற விதமும் கல்லூரியிலேயே கேள்விக்குறியாக இருந்தன. அணிகளும் அதைப் பார்த்துத்தான் இருபது பேரை அவருக்கு முன்னால் எடுத்தார்கள்.

அப்படியென்றால் குதிப்பே முக்கியமில்லையா?

முக்கியம்தான். எந்தக் குதிப்பு என்பதுதான் கேள்வி.

வேகத் தாக்குதலில் முன்னால் ஆளில்லாமல் ஓடி, ஒற்றைக் காலில் எம்பி அடிக்கும் டங்க் கண்ணுக்கு விருந்து. ஆனால் ஓர் ஆட்டத்தில் அது எத்தனை முறை வரும்? கூடைக்கடியில் நாலு பேர் நெருக்கி நிற்கும்போது, ஓடிவர இடமில்லாமல், இரண்டு காலையும் ஊன்றி எழும்புவதுதான் அன்றாடம் தேவைப்படுகிறது. அதைவிடவும் நான் கவனிப்பது இரண்டாவது குதி. முதல் முயற்சியில் பந்து கைக்கு வரவில்லை, தரையைத் தொட்ட மறுகணமே மீண்டும் மேலே போகிறாரா? அல்லது முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து, தயாராகி அப்புறம் போகிறாரா? இந்த இடைவெளியில்தான் ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்துகள்) கை மாறுகின்றன. கம்பைனில் உள்ள எந்தக் குதிப்புச் சோதனையும் இதைச் சொல்லாது. ஆட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று: நேரம். நாலாவது நிமிடத்தில் குதிப்பதும் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் குதிப்பதும் ஒன்றா என்று பாருங்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், சீசனுக்கு முப்பத்துச் சொச்சம் ஆட்டங்கள். என்பிஏ-வில் 48 நிமிடம், 82 ஆட்டங்கள். கல்லூரியிலேயே கடைசிக் கட்டத்தில் கால் கனக்கிறவருக்கு அங்கே ஜனவரி மாதமே சீசன் முடிந்துவிடும்.

உயரமா, கை நீளமா? எதற்கு எடை அதிகம்?

கை நீளத்துக்கு. பொதுவாக மனிதர்களின் கை விரிப்பு ஏறத்தாழ அவர்களின் உயரத்தையே ஒத்திருக்கும். என்பிஏ வீரர்களுக்கோ அது சராசரியாகச் சுமார் 4 அங்குலம் கூடுதல். பந்தைத் தட்டுவது கைதான், தலை அல்ல.

இதற்குக் காவை லியோனார்டைவிட நல்ல உதாரணம் இல்லை. சான் டியேகோ ஸ்டேட் கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடி 2011 டிராஃப்டுக்கு வந்தார். காலணி இல்லாமல் 6 அடி 6 அங்குலம். கை விரிப்பு 7 அடி 3 அங்குலம். விரல்களை விரித்தால் கையின் அகலம் 11 அங்குலத்துக்கும் மேல். சிறகு நிலையில் (மைதானத்தின் ஓரங்களில்) ஆடுகிறவருக்கு அது ராட்சத அளவு. இரண்டாம் ஆண்டில் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் ரீபவுண்டுகள் எடுத்தார். இருந்தும் 15-ஆவது இடம்வரை இறங்கினார். இண்டியானா அணி எடுத்து, அன்றைக்கே ஜார்ஜ் ஹில் என்ற வீரருக்கு மாற்றாகச் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே 2014-இல் இறுதிப் போட்டியின் சிறந்த வீரர், 2015-இலும் 2016-இலும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அப்புறம் டொராண்டோவுக்குப் போய் 2019-இல் மறுபடி இறுதிப் போட்டியின் சிறந்த வீரர்.

டிரேமண்ட் கிரீன் இன்னொருவர். மிச்சிகன் ஸ்டேட்டில் நாலு ஆண்டு முடித்தவர், உள்ளே ஆட உயரம் போதாது, வெளியே ஆட வேகம் போதாது என்று சொல்லப்பட்டவர், 2012-இல் 35-ஆவதாக எடுக்கப்பட்டவர். ஆனால் கை விரிப்பு 7 அடிக்கு மேல். 2017-இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

கை நீளம் இல்லாதவர்கள் தேறவே மாட்டார்களா? தேறுவார்கள். டெஸ்மண்ட் பேனுக்குக் கை விரிப்பு உயரத்தைவிடக் குறைவு. அதனாலேயே 2020-இல் முதல் சுற்றின் கடைசி இடமான 30 வரை காத்திருந்தார். ஆனால் அவருடைய வீச்சு அத்தனை நம்பகமானது. கை குட்டையாக இருந்தால் வேறொன்று மிகையாக இருக்க வேண்டும், எல்லாமே சராசரி என்றால் இடமில்லை.

நிற்கும் திறன் என்கிறார்களே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பலரும் பார்க்கத் தவறுகிற இடமும் இதுதான்.

கபடியில் பாடிப் போகிறவர் எவ்வளவு வேகமாக உள்ளே நுழைந்தார் என்பதைவிட எவ்வளவு சட்டென்று நின்று திரும்பினார் என்பதுதான் புள்ளி எடுத்துத் தரும். கூடைப்பந்திலும் அதேதான். முழு வேகத்தில் போகும் ஒருவர் ஒரே அடியில் நின்றால், எதிரில் காவல் காப்பவர் இரண்டடி தள்ளிப் போய்விடுவார். அந்த இரண்டடிதான் வீச்சுக்கான இடம்.

என்பிஏ நட்சத்திரமான ஜேம்ஸ் ஹார்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனா ஸ்டேட்டில் ஆடியபோது வெடிப்பான வேகம் இல்லை என்ற குறை அவர்மீது இருந்தது. சாண்டா பார்பராவில் உள்ள பி3 என்ற ஆய்வுக்கூடத்தில் வீரர்களை விசையளக்கும் தளத்தில் குதிக்கவும் நகரவும் வைத்து, உடலின் அசைவுகளைக் கேமராக்களால் பதிவுசெய்து அலசுகிறார்கள். ஹார்டன், லூக்கா டான்சிச் போன்றவர்கள் தனித்து நிற்பது வேகத்தைக் குறைக்கும் ஆற்றலில்தான் என்று அவர்கள் கண்டார்கள். ஹார்டனின் பின்வாங்கு வீச்சை (சட்டென்று நின்று, பின்னால் அடி வைத்து வீசுவது) நினைத்துப் பாருங்கள், அதன் உயிரே அந்த பிரேக்தான். ஒருவரிடம் உடல்திறன் இல்லை என்று நாம் சொல்லும்போது, பல நேரம் நாம் அளக்கத் தெரியாத திறன் அவரிடம் இருக்கிறது.

இதற்கு ஒரே அணியிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

முடியும். 2018 வில்லனோவா அணி. ஜே ரைட் பயிற்சியில் அந்த ஆண்டு தேசியப் பட்டம் வென்றது. அந்த அணியிலிருந்து நாலு பேர் அதே ஆண்டு டிராஃப்டில் முதல் 33 இடங்களுக்குள் போனார்கள். மிக்கால் பிரிட்ஜஸ் 10, டாண்டே டிவின்சென்சோ 17, ஓமாரி ஸ்பெல்மன் 30, ஜேலன் பிரன்சன் 33.

இந்த வரிசையைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். பிரன்சன் அந்த ஆண்டு நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். ஆட்டத்துக்கு 18.9 புள்ளிகள், த்ரீ பாயிண்ட் வீச்சில் 40 சதவீதத்துக்கு மேல், இரண்டு தேசியப் பட்டங்கள். அவர்தான் நாலு பேரில் கடைசி. டிவின்சென்சோ இறுதிப் போட்டியில் மாற்று வீரராக வந்து 31 புள்ளி எடுத்தார், கம்பைனில் 42 அங்குலம் குதித்தார், டிராஃப்டில் மேலேறினார். பிரன்சன் குள்ளம், குதிப்பு சுமார், வயது கிட்டத்தட்ட 22. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அணிகள் செய்தது தவறென்று தோன்றாது.

எண்களுக்கு வெளியே இருந்தது என்ன? வில்லனோவாவில் கார்டுகளுக்கே (வெளியிலிருந்து பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) உள்ளே போய் இரண்டு காலில் நிற்கவும், ஒரு காலை ஊன்றியபடி மற்றதைச் சுழற்றி இடம் தேடவும் கற்றுக்கொடுத்தார்கள். பிரன்சன் அதில் கைதேர்ந்தவர். இடுப்புக்குக் கீழே கட்டுமஸ்தான உடல், தாழ்வான ஈர்ப்பு மையம், ஆள் மோதினாலும் சமநிலை குலையாது. எதிராளி குதிக்கும்வரை காத்திருந்து, அவர் கீழே இறங்கும்போது இவர் வீசுவார். எதிராளியின் குதிப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவும் இவருக்கே சாதகமாகிவிடும். 2022-இல் நியூயார்க்குக்குப் போனார். 2024-இல் ஆண்டின் இரண்டாவது சிறந்த ஐவர் அணியில் இடம்பெற்றார், 2025-இல் நெருக்கடி நேரத்தின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார்.

அதே இரவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்ஜஸை எடுத்தது பிலடெல்ஃபியா. அவருடைய அம்மா அந்த அணி நிர்வாகத்திலேயே வேலை பார்த்தவர். ஆனால் சற்று நேரத்தில் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, டெக்ஸாஸ் டெக்கின் ஜயர் ஸ்மித்தையும் எதிர்கால முதல் சுற்று இடம் ஒன்றையும் வாங்கிக்கொண்டார்கள். ஸ்மித்துக்கு 19 வயது, அபாரமாகக் குதிப்பவர், இனிமேல்தான் வளரப்போகிறவர் என்ற நம்பிக்கை. பிரிட்ஜஸ் ஏற்கெனவே கல்லூரியில் மூன்று பருவங்கள் ஆடியவர், நீண்ட கை, நம்பகமான வீச்சு. ஸ்மித்துக்குக் கால் எலும்பு முறிந்தது, அதோடு கடுமையான ஒவ்வாமையும் தாக்கியது. என்பிஏ-வில் அவர் ஆடியது மொத்தம் 13 ஆட்டங்கள். அது அவருடைய குற்றமில்லை, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. பிரிட்ஜஸோ ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தார். தினமும் ஆட முடிகிற உடம்பும் உடல்திறன்தான், அதைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

தடுப்பாட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

இடுப்பைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நின்று காவல் காக்கிறவர், எதிராளி திசை மாறினால் முதலில் தாழ வேண்டும், அப்புறம்தான் திரும்ப முடியும். அதற்குள் பந்து போய்விடும்.

ஓபி டாப்பின் டேட்டன் கல்லூரியில் 2019-20 சீசனில் நூறுக்கும் மேற்பட்ட டங்க் அடித்தார். ஆட்டத்துக்கு 20 புள்ளிகள், அணி 29 வெற்றி, 2 தோல்வி, நாட்டின் சிறந்த வீரர் விருது. மேலே எழும்புவதில் குறையே இல்லை. 2022-இல் என்பிஏ-வின் டங்க் போட்டியையே வென்றார். ஆனால் பக்கவாட்டில் நகரும்போது இடுப்பு இறுக்கமாக இருக்கிறது, வேகமான கார்டுகள் முன்னால் வந்தால் திணறுவார் என்று ஸ்கவுட்கள் (அணிகளுக்காக வீரர்களைக் கணிப்பவர்கள்) அப்போதே சொன்னார்கள். 8-ஆவதாகப் போனவர் நியூயார்க்கில் வழக்கமான முதல் ஐவரில் ஒருவராக முடியவில்லை. பிறகு இண்டியானாவில் வேகமாக ஓடுகிற அணி கிடைத்தது. அங்கே மாற்று வீரராக 2025 இறுதிப் போட்டிவரை நல்ல பங்களிப்பு செய்தார். தூக்கி வைத்துப் பேசப்பட்ட அளவுக்கு இல்லை, ஒதுக்கியவர்கள் சொன்ன அளவுக்கு மோசமும் இல்லை.

ஆட்டப் புள்ளிவிவரத்தில் உடல்திறன் தெரியுமா?

தெரியும். ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (வீச்சைத் தடுப்பது), தாக்குதல் பக்க ரீபவுண்ட் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவற்றை யாரும் ஒருவருக்காகத் திட்டம் போட்டுக் கொடுப்பதில்லை. தானாக ஓடி, கை நீட்டி, முந்தி எடுத்தால்தான் கணக்கில் ஏறும். நிமிடங்களுக்கு ஏற்ப இவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தால், கம்பைன் எண்ணைவிட நம்பகமான படம் கிடைக்கும். கார்டாக ஆடுகிற ஒருவருக்கு ஸ்டீல் மிகக் குறைவு என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

வீச்சு வளருமா என்பதற்கு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி வீசக் கிடைப்பது) சதவீதம் நல்ல அடையாளம். லியோனார்ட் கல்லூரி இரண்டாம் ஆண்டில் த்ரீ பாயிண்டில் 29 சதவீதம்தான் போட்டார், அவர் 15-ஆவது இடம்வரை இறங்க அதுவும் ஒரு காரணம். ஆனால் ஃப்ரீ த்ரோவில் 76 சதவீதம். கை தவறில்லை, வீசும் முறையில்தான் பிழை என்று அது சொல்லியது. சான் அன்டோனியோவின் வீச்சுப் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அதைச் சரிசெய்தார். முதல் சீசனிலேயே த்ரீ பாயிண்ட் 37 சதவீதத்தைத் தாண்டியது.

கல்லூரியில் அதிகப் புள்ளி எடுத்தவரை நம்பலாமா?

மூன்று பேரை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூவரும் தத்தம் ஆண்டில் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர்கள். 2006-இல் கொன்சாகாவின் ஆடம் மாரிசன் 28.1. 2009-இல் டேவிட்சனின் ஸ்டெஃப் கரி 28.6. 2011-இல் பிஒய்யூ-வின் ஜிம்மர் ஃப்ரெடட் 28.9. மாரிசன் 3-ஆவதாகவும் கரி 7-ஆவதாகவும் ஃப்ரெடட் 10-ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். மாரிசனும் ஃப்ரெடட்டும் நிலைக்கவில்லை. மாரிசனுக்கு முழங்காலில் பெரிய காயமும் ஏற்பட்டது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கரியோ என்பிஏ-வின் பெரிய நட்சத்திரமானார்.

புள்ளியில் வித்தியாசமே இல்லை. அப்படியானால் எங்கே? மற்ற எண்களில். கரி அந்த ஆண்டு ஆட்டத்துக்கு 5.6 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்), 2.5 ஸ்டீல். ஃப்ரெடட்டுக்கு ஸ்டீல் 1.3. மாரிசனுக்கு அசிஸ்ட் இரண்டுகூட இல்லை. கரியிடம் வேகமான கையும், பந்து இல்லாமல் ஓய்வின்றி ஓடும் நெஞ்சுரமும், மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும் பார்வையும் இருந்தன. மெலிந்த உடம்பைப் பார்த்து உடல்திறன் இல்லை என்று சொன்னவர்கள் இவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

கல்லூரி ஆட்டத்துக்கும் என்பிஏ-வுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்?

விதிகளே வேறு. கல்லூரியில் த்ரீ பாயிண்ட் கோடு 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம், என்பிஏ-வில் மூலைகள் தவிர 23 அடி 9 அங்குலம். கல்லூரியில் வீச 30 விநாடி, அங்கே 24. இன்னொரு முக்கியமான விதி: என்பிஏ-வில் தடுக்கிற அணியின் வீரர், யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை.

இதன் விளைவு இரண்டு பக்கமும் போகும். கூடைக்கடியில் நின்றே பந்துகளைத் தடுத்துப் பெயர் வாங்கிய உயர்ந்த சென்டர், என்பிஏ-வில் வெளியே இழுக்கப்பட்டுத் திண்டாடுவார். கனெக்டிகட்டின் ஹஷீம் தபீட் 7 அடி 3 அங்குலம், கல்லூரித் தடுப்பாட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர், 2009-இல் 2-ஆவதாக எடுக்கப்பட்டார். ஹார்டனும் கரியும் அதே டிராஃப்டில் அவருக்குப் பின்னால்தான் போனார்கள். தபீட் நிலைக்கவில்லை. மறுபுறம், கல்லூரியின் நெரிசலில் உள்ளே புக இடமில்லாமல் தவித்த ஒரு கார்டுக்கு என்பிஏ-வின் திறந்த வெளி வரமாக அமையலாம். யுசிஎல்ஏ-வில் 12.7 புள்ளிதான் எடுத்த ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை 2008-இல் 4-ஆவதாக எடுத்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். 2017-இல் அவர் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர்.

வயது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். 19 வயதில் 22 வயதுக்காரர்களுக்கு ஈடுகொடுப்பவரையும், 22 வயதில் 19 வயதுக்காரர்களை மிஞ்சுபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் வயதை மட்டும் பார்த்து ஒதுக்கினால் பிரன்சனும் கிரீனும் பேனும் கைநழுவிப் போவார்கள். அணிகள் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டன.

சின்னக் கல்லூரியில் ஆடுகிறவரை எப்படி எடைபோடுவது?

பெரிய அணிகளுக்கு எதிராக ஆடிய சில ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். எதிரணி முழுக்க அவர் ஒருவரைக் குறிவைத்து ஆடும்போது எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்று அங்கே தெரியும். வீபர் ஸ்டேட்டின் டேமியன் லில்லர்ட், மரே ஸ்டேட்டின் ஜா மொரான்ட் இருவரும் அப்படி வந்தவர்கள். மொரான்ட் 2018-19-இல் ஆட்டத்துக்கு 24.5 புள்ளி, 10 அசிஸ்ட் என்று முடித்தார்.

பலம், எடை பற்றி?

2007 கம்பைனில் கெவின் டுராண்டால் 185 பவுண்டு எடையை, அதாவது சுமார் 84 கிலோவை, ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை. அதே பையன் டெக்ஸாஸ் கல்லூரியில் முதலாண்டு மாணவராக ஆட்டத்துக்கு 25.8 புள்ளியும் 11.1 ரீபவுண்டும் எடுத்திருந்தார். நல்லவேளை சியாட்டில் இரண்டாவது எண்ணைப் பார்த்து 2-ஆவதாக எடுத்தது. 19 வயதில் இல்லாத தசை 23 வயதில் வந்துவிடும். தோள்பட்டையின் அகலமும் எலும்பின் சட்டமும்தான் எவ்வளவு தசை ஏற இடமிருக்கிறது என்று சொல்லும்.

காயம் பட்டவரை எடுக்கலாமா?

மருத்துவ அறிக்கை நம் கைக்கு வராது, அதனால் வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி இது. அதே 2007-இல் டுராண்டுக்கு முன்னால் முதலாவதாகப் போன கிரெக் ஓடனின் வாழ்க்கையை முழங்கால் காயங்கள் முடித்துவைத்தன. கான்சஸின் ஜோயல் எம்பீட் 2014 டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு பாத எலும்பு முறிந்து, முதல் இரண்டு சீசன்களை முழுதாக இழந்தார். ஆனால் 2023-இல் எம்விபி ஆனார். 3-ஆவது இடத்தில் அவரை எடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது பிலடெல்ஃபியா. எல்லா அணிகளாலும் அப்படிக் காத்திருக்க முடியாது.

இந்தியாவிலிருந்து யாராவது?

சத்னாம் சிங் 2015-இல் டல்லஸால் 52-ஆவதாக எடுக்கப்பட்டார், இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் இடம்பெற்ற முதல் வீரர். அவர் கல்லூரியில் ஆடியவரல்ல, ஃப்ளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமியிலிருந்து நேராக வந்தவர். என்பிஏ ஆட்டம் எதிலும் இறங்கவில்லை. கனடாவில் பிறந்த, பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த சிம் புல்லர் நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டில் ஆடி, 2015-இல் சாக்ரமென்டோவுக்காக மூன்று ஆட்டங்களில் இறங்கினார். இருவருமே ஏழடிக்கு மேல். உயரம் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது, உள்ளே நிற்கக் கால் வேகம் வேண்டும்.

வீட்டிலிருந்து பார்க்கிறவர் எப்படிப் பழகிக்கொள்வது?

சிறந்த காட்சித் தொகுப்புகளை விட்டுவிட்டு முழு ஆட்டத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பந்தைப் பார்க்காமல் அந்த வீரரை மட்டும் பாருங்கள். பந்து போன பிறகு திரும்பி ஓடுகிறாரா? தன் ஆள் இல்லாவிட்டாலும் உதவிக்கு நகர்கிறாரா? எவ்வளவு முன்கூட்டி நகர்கிறார்? சீக்கிரம் புரிந்துகொள்பவர் அரை விநாடி முன்னால் கிளம்புவார், அதனால் வேகமாகத் தெரிவார். மெதுவாகப் புரிந்துகொள்பவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தாமதமாகத்தான் வருவார். தோற்ற ஆட்டம் ஒன்றையும் கட்டாயம் சேர்த்துப் பாருங்கள்.

எப்போது ஒருவர் தேறிவிட்டார் அல்லது தேறவில்லை என்று சொல்லலாம்?

முதல் சீசனில் சொல்லாதீர்கள். லியோனார்ட் முதல் ஆண்டில் எடுத்தது ஆட்டத்துக்கு 7.9 புள்ளி, பிரன்சன் 9.3. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாம், நாலாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அணியின் விருப்பம். அந்த முடிவை அணிகள் எப்படி எடுக்கின்றன என்று கவனியுங்கள், அவர்கள் உள்ளே என்ன நினைக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாம் சுற்றுக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால், அவர்களில் மூன்றாவது ஆண்டிலும் நிமிடங்கள் கூடிக்கொண்டே போகிறவர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.